693 படி... 60 கிலோமீட்டர்... பழனி பாதயாத்திரைக்கு உடம்பைத் தயார் செய்வது எப்படி? 48 நாள் பயிற்சித் திட்டம்!

தை பிறந்துவிட்டால் போதும், பழனிக்குப் போகும் சாலைகள் எல்லாம் பச்சையும் காவியுமாய் நிறைந்துவிடும். காரைக்குடி, தேவகோட்டை பக்கமிருந்து காவடியோடு நடந்துவரும் நகரத்தார், எடப்பாடியிலிருந்து வரும் பக்தர்கள், மதுரை, திண்டுக்கல்லில் இருந்து கிளம்பும் குடும்பங்கள் என லட்சக்கணக்கானோர் தைப்பூசத்துக்காக நடக்கிறார்கள். பங்குனி உத்திரத்துக்கும் இதே கூட்டம்தான்.

இவர்களில் பலர் மாலை போட்டு ஒரு மண்டலம், அதாவது 48 நாள் விரதம் இருப்பவர்கள். சாப்பாட்டில் கட்டுப்பாடு, பேச்சில் கட்டுப்பாடு, தூக்கத்தில் கட்டுப்பாடு எல்லாம் உண்டு. ஆனால் அந்த 48 நாளில் கால்களுக்கு என்ன தயாரிப்பு என்று கேட்டால், பெரும்பாலும் பதில் இருக்காது. "முருகன் பாத்துப்பான்" என்று கிளம்பிவிடுவார்கள். இரண்டாம் நாள் பாதம் கொப்பளித்து, முட்டி பிடித்து, சாலையோர மருத்துவ முகாமில் உட்கார வேண்டியதாகிவிடும்.

உடற்பயிற்சி அறிவியலைப் பொறுத்தவரை, 48 நாள் என்பது சாதாரண அவகாசம் இல்லை. ஏறக்குறைய 7 வாரம். உட்கார்ந்தே வேலை பார்க்கும் ஒரு உடம்பை, நாளைக்கு 20 கிலோமீட்டர் நடக்கப் பழக்க இது போதும். எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

பாதயாத்திரை உடம்புக்கு எவ்வளவு பெரிய வேலை?

முதலில் ஒரு சின்னக் கணக்கு.

திண்டுக்கல்லில் இருந்து பழனி சுமார் 60 கிலோமீட்டர். மதுரையில் இருந்து வந்தால் அது ஏறக்குறைய இரட்டிப்பு. காரைக்குடியில் இருந்து என்றால் 150 கிலோமீட்டருக்கு மேல். ஒரு கிலோமீட்டருக்குச் சராசரியாக 1,300 முதல் 1,400 அடி எடுத்து வைக்கிறோம். 60 கிலோமீட்டரை இரண்டே நாளில் முடிக்க நினைத்தால், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 40 ஆயிரம் அடி.

ஆபீஸ், வீடு, பைக் என்று வாழ்கிற ஒருவர் நாளைக்கு 5 ஆயிரம் அடி நடந்தாலே பெரிய விஷயம். அதாவது ஒரே ராத்திரியில் வேலை எட்டு மடங்காகிறது!

இது ஏதோ சிலருடைய பிரச்சினையும் இல்லை. தமிழ்நாடு உட்பட 3 மாநிலங்களிலும் சண்டிகரிலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்திய ஆய்வு 2014-ல் வெளியானது. அதில் கலந்துகொண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், சரியாகச் சொன்னால் 54.4 சதவீதம் பேர், போதிய உடல் உழைப்பு இல்லாதவர்கள் என்று தெரியவந்தது.

நடந்து முடித்த பிறகு மலைக்கோயிலின் 693 படிகள் காத்திருக்கின்றன. ஒரு படி வெறும் 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், 100 மீட்டருக்கு மேல் செங்குத்தாக ஏற வேண்டும். கிட்டத்தட்ட 30 மாடிக் கட்டடம்.

உடம்பு எப்படிப் பலம் பெறுகிறது?

பயிற்சி செய்யும்போது உடம்பு பலம் பெறுவதில்லை. உண்மையில் அப்போது அது களைக்கிறது. தசை நார்களில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன, சேமித்து வைத்த சக்தி தீர்கிறது. பலம் கூடுவது அதற்குப் பிறகு வரும் ஓய்வில்தான். "இந்த வேலை மறுபடியும் வரும்போல" என்று உடம்பு எடுத்துக்கொண்டு, பழைய நிலைக்கு ஒரு படி மேலாகத் தன்னைச் சரி செய்துகொள்கிறது.

உடம்பு ஒரு அழுத்தத்தைச் சந்திக்கும்போது முதலில் அதிர்ச்சி, பிறகு சமாளிப்பு, அழுத்தம் விடாமல் தொடர்ந்தால் கடைசியில் சோர்வு என மூன்று கட்டங்களைக் கடக்கிறது என்று விளக்கியவர் ஹான்ஸ் செல்யே. அவருடைய முதல் கட்டுரை 1936-ல் வந்தது. இன்றைய பயிற்சித் திட்டங்களின் அடிப்படைச் சிந்தனைகளில் இதுவும் ஒன்று. அழுத்தம் கொடு, ஓய்வு கொடு, கொஞ்சம் கூட்டு. அவ்வளவுதான் சூத்திரம்.

பயிற்சி இல்லாமல் யாத்திரை கிளம்புபவர்கள் என்ன செய்கிறார்கள்? 48 நாளில் பிரித்துக் கொடுக்க வேண்டிய அழுத்தத்தை இரண்டே நாளில் கொடுக்கிறார்கள். நடுவில் ஓய்வுக்கு இடமே இல்லை. சமாளிப்பு என்ற கட்டத்துக்கு நேரம் கிடைக்காமல், உடம்பு நேராகச் சோர்வுக்குப் போய்விடுகிறது.

எந்தப் பயிற்சித் திட்டத்துக்கும் 5 விதிகள்

ஜிம்மோ, மாரத்தானோ, பாதயாத்திரையோ, எதற்கு எழுதினாலும் திட்டம் இந்த ஐந்துக்குள் அடங்கிவிடும்.

1. படிப்படியாகக் கூட்டு: நம்ம ஊர் கர்லாக்கட்டையைப் பாருங்கள். எடை குறைந்த கட்டையில் ஆரம்பித்து, கை பழகப் பழக அடுத்த எடைக்குப் போவார்கள். எடுத்த எடுப்பிலேயே பெரிய கட்டையைச் சுற்றினால் தோள்பட்டை போய்விடும் என்று வாத்தியாருக்குத் தெரியும். நடைக்கும் அதே விதிதான். வாரத்துக்கு 10 சதவீதம்தான் கூட்ட வேண்டும் என்று சொல்வார்கள். அது வசதிக்கான கணக்கே தவிர, அறிவியல் சட்டம் இல்லை. குறைந்த தூரத்தில் ஆரம்பிப்பவர் கொஞ்சம் கூடுதலாகவும் ஏற்றலாம். ஆனால் ஒரே பாய்ச்சலில் இரட்டிப்பாக்கக் கூடாது.

2. எதற்குப் பயிற்சியோ அதையே செய்: நீச்சல் அடித்தால் இதயத்துக்கு நல்லது. ஆனால் பாதம் தார் ரோட்டுக்குப் பழகாது. நடப்பதற்குத் தயாராக வேண்டுமென்றால் நடக்கத்தான் வேண்டும். படி ஏற வேண்டுமென்றால் படி ஏறித்தான் ஆக வேண்டும்.

3. ஓய்வும் பயிற்சியில் சேர்த்தி: வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு. மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் குறைக்க வேண்டும்.

4. ஆளுக்கு ஏற்ற அளவு: 22 வயதுப் பேரனும் 60 வயதுத் தாத்தாவும் ஒரே குழுவில் நடக்கலாம். ஆனால் இருவருக்கும் ஒரே திட்டம் பொருந்தாது. தாத்தாவுக்குத் தயாராக அதிக நாள் வேண்டும், ஓய்வும் அதிகம் வேண்டும்.

5. விட்டால் போய்விடும்: சேர்த்த தெம்பு பேங்க் டெபாசிட் மாதிரி அப்படியே இருக்காது. முழுதாக நிறுத்தினால் இரண்டு முதல் நான்கு வாரத்திலேயே குறைய ஆரம்பித்துவிடும். போன வருஷம் நடந்தேனே என்ற கணக்கு இந்த வருஷம் உதவாது.

இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். தசையும் ஓரளவு சீக்கிரம் பழகும். ஆனால் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள், எலும்புகள் ஆகியவை பலப்பட மாதக்கணக்காகும். அதனால்தான் மூன்றாவது வாரத்தில் "மூச்சே வாங்கல, இன்னும் அஞ்சு கிலோமீட்டர் போலாம்" என்று தோன்றும்போது குதிகாலிலோ முட்டியிலோ வலி வந்து நிற்கிறது. மூச்சு முதலில் பழகும். முட்டி கடைசியில்தான் பழகும். திட்டத்தில் எழுதியதைவிடக் கூடுதலாக நடக்க ஆசை வரும் நாளில் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

எவ்வளவு வேகத்தில் நடப்பது?

திட்டம் போடும்போது நான்கு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். வாரத்தில் எத்தனை நாள்? எவ்வளவு நேரம்? என்ன வகைப் பயிற்சி? எவ்வளவு கடினமாக? முதல் மூன்றை எழுதி வைத்துவிடலாம். நான்காவதில்தான் குழப்பம்.

எளிய வழி, பேச்சுச் சோதனை. நடந்துகொண்டே பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான உழைப்பு. நான்கு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் கடின உழைப்பு. பாதயாத்திரைக்கான பயிற்சியில் பெரும்பகுதி பேசிக்கொண்டே நடக்கும் வேகத்தில் இருந்தால் போதும்.

கையில் ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. 220-ல் இருந்து வயதைக் கழித்தால் கிடைப்பது தோராயமான உச்ச இதயத் துடிப்பு. 40 வயதுக்காரருக்கு அது 180. அதில் 64 முதல் 76 சதவீதம், அதாவது நிமிடத்துக்கு 115 முதல் 137 வரை இருந்தால் மிதமான உழைப்பு. ஆனால் இது சராசரிக் கணக்கு. ஆளுக்கு ஆள் 10, 12 துடிப்பு முன்னே பின்னே இருக்கும். வாட்ச் ஒன்று சொல்லி உடம்பு வேறு சொன்னால், உடம்பு சொல்வதைக் கேளுங்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் பிபி மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தவே பொருந்தாது. அவர்களுக்குப் பேச்சுச் சோதனைதான் சரி.

ஏறுவதைவிட இறங்குவது ஏன் வலிக்கிறது?

பழனி படியில் ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனால் தொடை வலிப்பது மறுநாள்தான். அதற்குக் காரணம் பெரும்பாலும் ஏறியது இல்லை, இறங்கியது!

ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பை மேலே தள்ளுகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பிரேக் போடுகிறது. இந்த 'நீண்டபடி தாங்கும்' வேலைதான் தசை நார்களை அதிகம் சிதைக்கிறது. இந்த வலி பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து, இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய்த் தானாக அடங்கும்.

முட்டிக்கும் இதே கதைதான். செயற்கை மூட்டுக்குள் அளவுமானி பொருத்திச் செய்த ஆய்வுகளில், சமதளத்தில் நடக்கும்போது முட்டியில் உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு பாரம் விழுவதாகவும், படி இறங்கும்போது அது ஏறக்குறைய மூன்றரை மடங்காவதாகவும் தெரியவந்தது. 65 கிலோ எடை உள்ளவர் இறங்கும்போது, ஒவ்வொரு படியிலும் முட்டி 220 கிலோவுக்கு மேல் தாங்குகிறது. முட்டி வலி உள்ளவர்கள் ஏறியது நடையாக இருந்தாலும், இறங்குவதற்கு ரோப் காரையோ விஞ்சையோ பயன்படுத்தலாம். சரிவாகப் போகும் யானைப் பாதையும் இருக்கிறது.

நல்ல செய்தி என்னவென்றால், ஒருமுறை கொஞ்சமாக இறங்கிப் பழகிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலைக்கு அவ்வளவு வலிப்பதில்லை. அதனால்தான் கீழே வரும் திட்டத்தில் படி ஏறுவதோடு இறங்குவதும் பயிற்சியாக வருகிறது.

படி ஏறுவது உடம்புக்கு என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய சாட்சியும் உண்டு. லண்டன் டபுள் டெக்கர் பஸ் ஊழியர்களை ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் ஆராய்ந்தார். முடிவு 1953-ல் 'தி லான்செட்' இதழில் வெளியானது. நாள் முழுக்க உட்கார்ந்திருந்த டிரைவர்களைவிட, மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. அந்தக் கண்டக்டர்கள் நாளைக்கு ஏறிய படிகள் 500 முதல் 750 வரை. தினம் ஒரு பழனி மலை!

48 நாள் திட்டம்

இது, தொடர்ந்து 30 நிமிடம் சிரமமில்லாமல் நடக்க முடிகிற ஒருவருக்கான திட்டம். இலக்கு: 60 கிலோமீட்டரை 3 நாளில், நாளைக்கு 20 கிலோமீட்டர் வீதம் முடிப்பது. அதற்கும் அதிக தூரம் போகிறவர்கள் மூன்று மாதம் முன்பே ஆரம்பிக்க வேண்டும்.

* 1-வது வாரம்: 4 நாள், தலா 30 நிமிட நடை. ஞாயிற்றுக்கிழமை 5 கிலோமீட்டர் நீண்ட நடை.
* 2-வது வாரம்: 4 நாள், தலா 40 நிமிடம். நீண்ட நடை 7 கிலோமீட்டர்.
* 3-வது வாரம்: 4 நாள், தலா 45 நிமிடம். நீண்ட நடை 9 கிலோமீட்டர். வாரத்தில் 2 நாள், மாடிப்படியில் 100 படி ஏறி இறங்குவது.
* 4-வது வாரம் (இளைப்பாறும் வாரம்): 3 நாள், தலா 30 நிமிடம். நீண்ட நடை 6 கிலோமீட்டர். ஒரு நாள் மட்டும் 100 படி.
* 5-வது வாரம்: 4 நாள், தலா 45 நிமிடம். நீண்ட நடை 12 கிலோமீட்டர். 2 நாள், 200 படி.
* 6-வது வாரம்: 3 நாள், தலா 45 நிமிடம். சனிக்கிழமை 16 கிலோமீட்டர், ஞாயிறு 8 கிலோமீட்டர். ஒரு நாள் 300 படி.
* 7-வது வாரம்: 3 நாள், தலா 30 நிமிட லேசான நடை. கிளம்புவதற்கு முந்தைய இரண்டு நாள் முழு ஓய்வு.

ஆறாவது வாரத்தில் அடுத்தடுத்த இரண்டு நாள் நடையை வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. யாத்திரையில் கஷ்டம் முதல் நாள் இல்லை. களைத்த காலோடு எழுந்து நடக்க வேண்டிய இரண்டாம் நாள்தான். அதை வீட்டுப் பக்கத்திலேயே ஒருமுறை அனுபவித்துப் பார்ப்பது நல்லது.

கடைசி வாரம் குறைத்தால் தெம்பு போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். ஒரு வாரத்தில் எதுவும் போகாது. ஆறு வாரக் களைப்பு இறங்கி, சேர்த்து வைத்த பலம் மேலே வர அந்த நாட்கள் தேவை.

நடையோடு சேர்த்து, வாரத்துக்கு 2 நாள், 15 நிமிடம்:

* நாற்காலியில் உட்கார்ந்து எழுவது: 8 முதல் 12 முறை, 2 சுற்று
* சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது: 12 முறை, 2 சுற்று
* தாழ்வான படியில் ஒரு காலால் ஏறி, மெதுவாக இறங்குவது: ஒரு காலுக்கு 8 முறை, 2 சுற்று
* மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, இடுப்பைத் தூக்கி இறக்குவது: 10 முறை, 2 சுற்று

காவடியோ முதுகுப் பையோ சுமந்து போகிறவர்கள், ஐந்தாவது வாரத்திலிருந்து நீண்ட நடையில் அதே பாரத்தில் பாதியையாவது சுமந்து பழகுங்கள். தோளுக்கும் முதுகுக்கும் புதிய வேலை அது.

வெறுங்காலா, செருப்பா?

நேர்த்தி என்றால் வெறுங்கால்தான் என்பவர்கள் அதிகம். தோல் பழகும் என்பது உண்மை. திரும்பத் திரும்ப உராயும் இடத்தில் தோல் தடித்துக்கொள்ளும். ஆனால் அதற்கும் வாரக்கணக்காகும். முதல் வாரம் 10 நிமிடம் மண் தரையில், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தார் ரோட்டில் என்று கூட்டலாம். ஷூவில் நடப்பவர்கள் யாத்திரைக்கென்று புது ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டு கிளம்பக் கூடாது. பழகிய ஷூவே பாதுகாப்பு.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் வெறுங்காலில் நடக்கவே கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் குத்தியதோ கொப்பளம் வந்ததோ தெரியாது. சின்னப் புண் ஆறாமல் பெரிதாகி, விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோய்விடும். தினமும் நடை முடிந்ததும் பாதத்தின் அடிப்பகுதியைக் கண்ணாடி வைத்தோ, கூட வருபவரிடம் சொல்லியோ பார்த்துவிடுங்கள்.

தண்ணீர், சாப்பாடு... என்ன கணக்கு?

65 கிலோ எடை உள்ளவர் ஒரு கிலோமீட்டர் நடக்கச் சுமார் 50 கலோரி செலவாகும். 20 கிலோமீட்டருக்கு 1,000 கலோரி. விரதம் என்று ஒருவேளைச் சாப்பாட்டோடு அவ்வளவு தூரம் நடப்பது சரிப்படாது. நடக்கும் நாட்களில் வாழைப்பழம், பொங்கல், சுண்டல், நிலக்கடலை, தயிர்ச்சாதம் என்று பிரித்துப் பிரித்துச் சாப்பிடுங்கள்.

தாகம் எடுக்கும்போது தண்ணீர் குடியுங்கள். ஆனால் மணிக்கணக்கில் வியர்த்தபடி வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் உப்பின் அளவு குறையும். தலைவலி, குமட்டல், குழப்பம் எல்லாம் வரும். நடுநடுவே உப்புப் போட்ட மோர், ஓஆர்எஸ் கரைசல், கஞ்சி எடுத்துக்கொள்ளலாம். பிபி, சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் உப்பு விஷயத்தில் டாக்டரைக் கேட்டுக்கொள்ளவும். பங்குனி உத்திரத்துக்கு நடப்பவர்கள் காலை 10 மணிக்குள் முதல் சுற்றை முடித்துவிடுவது நல்லது.

எடை குறைப்பதற்காகப் படி ஏறுபவர்களுக்கு ஒரு தகவல். 65 கிலோ எடை உள்ளவர் பழனி மலை ஏறச் செலவாவது தோராயமாக 60 முதல் 80 கலோரிதான். மூன்று, நான்கு ஸ்பூன் சர்க்கரைக்குச் சமம். கீழே வந்து குடிக்கும் இரண்டு டீயிலேயே அது திரும்பிவிடும். படி ஏறுவது இதயத்துக்கும் காலுக்கும் நல்லது. எடைக்குச் சாப்பாட்டையும் பார்க்க வேண்டும்.

யாரெல்லாம் டாக்டரைப் பார்த்த பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும்?

* இதய நோய், ஸ்டென்ட், பைபாஸ் வரலாறு உள்ளவர்கள்
* கட்டுப்பாட்டில் இல்லாத பிபி, சர்க்கரை உள்ளவர்கள்
* நடந்தால் நெஞ்சு இறுக்கம், மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சு வாங்கல் வருபவர்கள்
* இன்சுலின் போடுபவர்கள், சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் (நீண்ட நடையில் சர்க்கரை திடீரென இறங்கலாம். மருந்தின் அளவை டாக்டர்தான் மாற்ற வேண்டும். பையில் குளுக்கோஸோ மிட்டாயோ எப்போதும் இருக்கட்டும்)
* கர்ப்பிணிகள், மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள்

உழைப்பே பழக்கமில்லாத ஒருவர் திடீரெனக் கடுமையாக உழைக்கும்போது, அந்தச் சில மணி நேரம் மாரடைப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது. தொடர்ந்து பயிற்சி செய்பவர்களுக்கு அந்த ஆபத்து வெகுவாகக் குறைவு. 48 நாள் பயிற்சியின் முக்கியமான பலனே இதுதான். கால் வலிக்காமல் இருப்பது அதற்குப் பிறகுதான்.

வழியில் நெஞ்சு வலி, இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மயக்கம் வந்தால், "கொஞ்சம் உக்காந்தா சரியாயிடும்" என்று காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

அப்படியே கொடைக்கானல் போனால்..?

பழனி வரை வந்தவர்கள், 65 கிலோமீட்டர் தள்ளி மலைமேல் இருக்கும் கொடைக்கானலுக்கும் ஒரு எட்டு போய்விட்டு வருவது வழக்கம். அங்கே ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் நடக்கும்போது, "பழனிக்கே நடந்து வந்தவனுக்கு இங்க ஏன் மூச்சு வாங்குது?" என்று தோன்றும்.

காரணம் உயரம். கொடைக்கானல் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய 22 சதவீதம் குறைவு. காற்றில் ஆக்சிஜனின் விகிதம் மாறுவதில்லை. ஆனால் காற்றே அடர்த்தி குறைந்திருப்பதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. அதை ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கிறது.

உயரம் என்ன செய்யும் என்பதை உலகமே பார்த்தது 1968 மெக்சிகோ சிட்டி ஒலிம்பிக்கில். 2,240 மீட்டர் உயரம், கொடைக்கானலைவிடக் கொஞ்சம்தான் அதிகம். 10,000 மீட்டர் ஓட்டத்தில் கென்யாவின் நஃப்தாலி டெமு 29 நிமிடம் 27 விநாடியில் தங்கம் வென்றார். அப்போதைய உலக சாதனையோ 27 நிமிடம் 39 விநாடி. ஏறக்குறைய 1 நிமிடம் 48 விநாடி வித்தியாசம்! அதே மைதானத்தில் காற்றுத் தடை குறைவாக இருந்ததும் கைகொடுக்க, பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டி நீளம் தாண்டுதலில் உலகத்தையே மிரள வைத்தார். உயரம் நெடுந்தூரத்துக்கு எதிரி. சில விநாடி ஆட்டத்துக்கு நண்பன்.

அப்போ கொடைக்கானலில் இரண்டு நாள் ஓடினால் ஸ்டாமினா கூடுமா? கூடாது. ஆக்சிஜன் குறைந்ததும், சிவப்பணுக்களை உருவாக்கச் சொல்லும் ஹார்மோன் சில மணி நேரத்திலேயே அதிகரிக்கத் தொடங்கும். ஆனால் ரத்தத்தில் பலன் தெரியும் அளவுக்குச் சிவப்பணுக்கள் கூட வாரக்கணக்காகும். 1997-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஓட்டக்காரர்கள் 4 வாரம் 2,500 மீட்டர் உயரத்தில் தங்கி, 1,250 மீட்டருக்கு இறங்கிவந்து பயிற்சி செய்தார்கள். உயரத்தில் தங்கினால் ரத்தம் மேம்படும், கீழே ஓடினால் வேகம் குறையாது என்பதுதான் இதன் சூட்சுமம்.

வீக்எண்ட் டூர் போகிறவர்களுக்கு இதெல்லாம் தேவையில்லை. முதல் நாள் மெதுவாக நடங்கள். ஊரில் நடக்கும் வேகத்தை எட்ட முயல வேண்டாம். பேச்சுச் சோதனை அங்கேயும் செல்லும்.

தரிசனம் முடிந்தது... அடுத்து?

பெரும்பாலானோர் இங்கேதான் நிறுத்துகிறார்கள். மாலையைக் கழற்றியதும் நடையும் நின்றுவிடுகிறது. அடுத்த தைக்குள் சேர்த்ததெல்லாம் கரைந்து, மறுபடி பூஜ்ஜியத்தில் இருந்து ஆரம்பம். ஒவ்வொரு வருஷமும் அதே முட்டி வலி, அதே ஆபத்து, வயது மட்டும் ஒன்று கூடியிருக்கும்.

யாத்திரை முடிந்து ஒரு வாரம் நன்றாக ஓய்வெடுங்கள். பிறகு வாரத்துக்கு 150 நிமிட மிதமான நடை, அதாவது 5 நாள், தலா 30 நிமிடம். கூடவே 2 நாள் தசைப் பயிற்சி. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்குக் குறைந்தபட்சமாகச் சொல்வதும் இதைத்தான். தெம்பைச் சேர்க்க ஆகும் உழைப்பைவிட, சேர்த்ததைக் காப்பாற்ற ஆகும் உழைப்பு குறைவு.

இந்த வருஷம் மாலை போடும் அன்றைக்கே காலண்டரில் இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: முதல் நாள், 30 நிமிடம்.